பட்டாளத்தில் தன்பாலீர்ப்பாளர்: சட்டம் என்ன சொல்கிறது, எங்கே வாய் மூடிக்கொள்கிறது

தேவிபட்டினம், தொண்டி, பாம்பன் பக்கம் விடியற்காலையில் ஓடிப் பழகும் பையன்களில் நிறையப் பேருக்கு அக்னிவீர் ஆவதுதான் கனவு. 1.6 கிலோமீட்டர் ஓட்டம், உயரம், மார்பளவு, என்னென்ன சான்றிதழ் என்று எல்லாவற்றுக்கும் ஊரில் ஒரு முன்னாள் படைவீரர் வழி சொல்லிவிடுவார். ஆனால் 'எனக்கு ஆண்கள் மேல்தான் ஈர்ப்பு. நான் சேரலாமா? சேர்ந்த பிறகு தெரிந்தால் என்ன ஆகும்?' என்பதை மட்டும் அவரிடம் கேட்க எவனுக்கும் நா எழாது. 2022 முதல் கடற்படையில் பெண்களும் அக்னிவீரராகச் சேர்கிறார்கள் என்பதால், பெண்கள் மேல் ஈர்ப்புள்ள பெண்களுக்கும் இதே கேள்விதான்.

சேரக் கூடாது என்று ராணுவம், கடற்படை, விமானப்படை ஆகிய மூன்றின் சட்டங்களிலும் பெயர் சொல்லி எழுதப்படவில்லை. வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு பணியாற்றலாம் என்று உறுதி தரும் உத்தரவும் இல்லை. ஆபத்து இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஆள்சேர்ப்பு முகாமுக்குக் கொண்டுபோகும் தாள்களைப் பாருங்கள். மதிப்பெண் பட்டியல், இருப்பிடச் சான்று, நன்னடத்தைச் சான்று, அதோடு திருமணமாகாதவர் என்ற சான்று. கடைசியாகச் சொன்னதில் புகைப்படம் ஒட்டி, ஊராட்சித் தலைவரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்க வேண்டும். ஆறு மாதத்துக்குள் வாங்கியதாக இருக்க வேண்டும். கல்யாணம் ஆகவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது, மனம் யாரை நாடுகிறது என்பதை அல்ல. அதனால் எதையும் மறைத்து உள்ளே போனதாக யாரும் குற்ற உணர்வு கொள்ள வேண்டியதில்லை.

இனி சட்டத்துக்கு வருவோம். 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, வயது வந்த இருவர், ஒரே பாலினத்தவர் ஆனாலும், மனமொத்து வைத்துக்கொள்ளும் உறவு குற்றமல்ல என்று தீர்ப்பளித்தது. அதைக் குற்றமாக்கி வைத்திருந்த, இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவு அந்த அளவுக்குச் செல்லாததானது. அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பிரிவே கிடையாது. முன்பெல்லாம் 377ஐ ராணுவ நீதிமன்றத்திலும் கொண்டுவந்து வழக்குப் போட முடிந்தது. அந்தக் கதவு அடைபட்டுவிட்டது.

அடைபடாத கதவு ஒன்று இருக்கிறது. 1950ஆம் ஆண்டின் ராணுவச் சட்டத்தில் 46ஆவது பிரிவு, 'கொடூரமான, ஆபாசமான அல்லது இயற்கைக்கு மாறான' இழிநடத்தைக்கு ஏழு ஆண்டு வரை சிறை என்கிறது. விமானப்படைச் சட்டத்திலும் இதே பிரிவு இதே எண்ணில் உண்டு. அதிகாரிகளுக்கு இன்னொன்றும் சேர்கிறது: பதவிக்குத் தகாத நடத்தை என்ற 45ஆவது பிரிவு. எது தகாதது என்று பிரிவு விளக்குவதில்லை. மேலதிகாரிகளும் ராணுவ நீதிமன்றமும் எப்படிப் பார்க்கிறார்களோ அப்படி. 2019 ஜனவரியில் அன்றைய தரைப்படைத் தலைவர் ஜெனரல் பிபின் ராவத், ராணுவம் சட்டத்துக்கு மேலானது அல்ல என்று சொல்லிவிட்டு, ஆனாலும் தன்பாலுறவை ராணுவத்துக்குள் அனுமதிக்க மாட்டோம் என்றார்.

நாட்டுக்கே பொருந்தும் தீர்ப்பு படைக்கு மட்டும் எப்படிப் பொருந்தாமல் போகும் என்று கேட்கலாம். அரசியலமைப்பின் 33ஆவது பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்ற நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. திருமணத்துக்கு வெளியிலான உறவு குற்றமல்ல என்று 2018இல் வந்த தீர்ப்பைப் பற்றி, படைக்குள் ஒழுங்கு நடவடிக்கை எடுக்க அது தடையல்ல என்று உச்ச நீதிமன்றமே 2023 ஜனவரியில் விளக்கியது. தன்பாலீர்ப்பு விஷயமும் அப்படியே ஆகிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. அடுத்தவர் மனைவியோடு உறவு என்பது படைக்குள் இன்னொரு வீரரின் குடும்பத்தைத் தொடும் விஷயம். ஒருவரின் இயல்பு யாரையும் தொடுவதில்லை. பாலீர்ப்பு அந்தரங்க உரிமையின் பகுதி என்று ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டிலேயே சொல்லிவிட்டார்கள்.

நடைமுறையில், சிறைத் தண்டனையைவிடப் பெரிய பயம் வேலைநீக்கம்தான். 'இவரது பணி இனித் தேவையில்லை' என்று எழுதி அனுப்பிவிட விதி இருக்கிறது. 2017இல் விசாகப்பட்டினத்தில் பணியாற்றிய ஒரு கடற்படை வீரர், விடுப்பில் போய்ப் பெண்ணாக மாறும் அறுவை சிகிச்சை செய்துகொண்டதால் அப்படித்தான் வெளியே அனுப்பப்பட்டார். அது பாலின அடையாளம் பற்றிய வழக்கு, பாலீர்ப்பு வேறு. ஆனால் அதே விதிதான் இங்கும் கைக்கு வரும். அதிகாரி அல்லாத வீரருக்குப் பென்ஷன் வர 15 ஆண்டு சேவை வேண்டும். பதிமூன்றாம் ஆண்டில் அனுப்பப்பட்டால் வீடே ஆடிப்போகும். அக்னிவீரருக்கோ நான்கு ஆண்டு முடிவில் நூற்றுக்கு 25 பேர் வரைதான் நிரந்தரமாக எடுப்பதாக விதி. அந்தத் தேர்வு முடியும்வரை எவன் வாய் திறப்பான்?

நம் ராமநாதபுரம் கரையில் சீருடை என்றால் ஒரே சட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. உச்சிப்புளியில் இருக்கும் ஐ.என்.எஸ். பருந்து கடற்படைத் தளம். அங்கே இருப்பவருக்கு 1957ஆம் ஆண்டின் கடற்படைச் சட்டம். மண்டபத்தில் இருக்கும் கடலோரக் காவல்படைக்கு 1978ஆம் ஆண்டின் தனிச் சட்டம். நாம் மெரைன் போலீஸ் என்று சொல்லும் கடலோரப் பாதுகாப்புக் குழுமமோ தமிழ்நாடு காவல் துறையைச் சேர்ந்தது. ராணுவச் சட்டம் அதன் பக்கமே வராது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் 2021இல் தொடங்கிவைத்த உத்தரவுகளைத் தொடர்ந்து, பால்புதுமையர் (தன்பாலீர்ப்பாளர், திருநர் முதலானோர்) எவரையும் காவலர் துன்புறுத்தக் கூடாது என்று 2022இல் காவலர் நடத்தை விதியிலேயே சேர்த்தார்கள். ஒரே கடலில் ரோந்து போகும் இரண்டு படகில், ஒன்றில் இருப்பவருக்குப் பிடித்துக்கொள்ள ஒரு விதி இருக்கிறது, மற்றதில் இருப்பவருக்கு அப்படி ஒரு வரி இல்லை. இது நியாயமே இல்லை.

ஒழுங்கு கெடும் என்பதுதான் எதிர்த்தரப்பு வாதம். கனடாவும் ஆஸ்திரேலியாவும் 1992இல் தடையை நீக்கின, பிரிட்டன் 2000இல், அமெரிக்கா 2011இல். எந்தப் படையும் குலைந்துவிடவில்லை. பழைய தடைக்காக 2023இல் பிரிட்டன் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்பே கேட்டார். ரகசியம் கசிந்தால் எதிரி மிரட்டுவான் என்பார்கள். ரகசியமாக வைக்கச் சொல்வதால்தானே மிரட்ட முடிகிறது? மனமொத்த உறவுக்கு 46ஆவது பிரிவு பொருந்தாது என்று பாதுகாப்பு அமைச்சகம் ஓர் உத்தரவு போட்டால் போதும், மிரட்டுபவன் கையில் ஒன்றும் மிஞ்சாது.

துணைவருக்குக் குடும்பக் குடியிருப்பு, குடும்பப் பென்ஷன் கிடைக்குமா என்றால், இப்போதைக்கு இல்லை. ஒரே பாலினத் திருமணத்தை அங்கீகரிக்க 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது.

அப்புறம், பணியில் இருக்கும்போது யாராவது மிரட்டிப் பணம் கேட்டால், நியாய சன்ஹிதாவின் 308ஆவது பிரிவுப்படி குற்றம் செய்தவர் மிரட்டியவர்தான். விசாரணை என்று அழைத்து 'நீயே எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடு' என்றால், வக்கீலைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். 15100க்குப் போன் செய்தால் இலவசச் சட்ட உதவி பற்றிச் சொல்வார்கள். நீக்க உத்தரவு வந்துவிட்டால் மூன்று படையினரும் ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வுக்குப் போகலாம். கடலோரக் காவல்படையினர் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். தீர்ப்பாயத்தில் மனுப் போட இறுதி உத்தரவு வந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் கெடு. உத்தரவு கைக்கு வந்த தேதியை அதன் மேலேயே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.