பயிர்க் காவலுக்குத் துவக்கு லைசன்: கந்தோர் படி ஏறும் முன் தெரிய வேண்டியவை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் மாடு தேடிப் போன பதினாறு வயதுப் பொடியன் ஒருவன், நூலில் கால் பட்டால் தானாக வெடிக்கும் கட்டுத்துவக்கில் அகப்பட்டான். புல்லுக்குள் முழங்கால் உயரத்தில் ஒரு தங்கூசி நூல். பன்றிக்கு நெஞ்சு வரும் உயரம் அது, மனிதனுக்குக் கால். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது துணி சுற்றிய காலைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். நூலைக் கட்டியவர் பக்கத்து வயல்காரர். இரண்டு வருடமாகத் துவக்கு லைசன் கேட்டு அலைந்தவர். இப்போது வழக்குக்கு அலைகிறார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

துவக்குச் சட்டம் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். 1996இல் தண்டனைகளைக் கூட்டித் திருத்தினார்கள். பயிர்க் காவல் துவக்குக்கு லைசன் தருவது மாவட்டச் செயலகம், அதாவது கச்சேரி. தற்பாதுகாப்புத் துவக்கு பாதுகாப்பு அமைச்சின் பொறுப்பு. இந்த வித்தியாசத்தை மறக்காதீர்கள். 2024 நவம்பர் 7க்கு முன் துவக்குகளைத் திருப்பி ஒப்படைக்கச் சொன்னது தற்பாதுகாப்புக்குக் கொடுத்தவற்றை. அந்தச் செய்தியைக் கேட்டுப் பயந்துபோன பயிர்த் துவக்குக்காரரை எனக்குத் தெரியும்.

முதல் பொறி காணி. உங்களிடம் பயிர் இருக்கிறது என்று கடதாசி காட்ட வேண்டும். எங்கள் பக்கத்தில் எத்தனை பேருக்கு அது சுத்தமாக இருக்கிறது? வெல்லாவெளியிலோ திருக்கோவிலிலோ கேட்டுப் பாருங்கள். அரசு காணிக்குக் கொடுத்த பெர்மிட் செத்துப்போன தகப்பன் பெயரில், வயலைச் செய்வது மகன். இல்லாவிட்டால் குத்தகைக் காணி, வாய்ப்பேச்சில் முடிந்தது. இப்படியே விண்ணப்பத்தைக் கொடுத்தால் கிடப்பில் கிடக்கும், ஏன் என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். முதலில் காணிக் கடதாசியை உங்கள் பெயருக்கு மாற்றும் வேலையைத் தொடங்குங்கள். குத்தகை என்றால் எழுத்தில் வாங்கி, நீங்கள்தான் செய்கிறீர்கள் என்று கமநல சேவை நிலையத்திலும் கிராம சேவகரிடமும் கடிதம் எடுங்கள்.

அடுத்தது பொலிஸ் அறிக்கை. கச்சேரியில் கேட்டால் பொலிஸில் இருந்து வரவில்லை என்பார்கள். பொலிஸில் கேட்டால் அனுப்பிவிட்டோம் என்பார்கள். ஒரு கிழவர் சொப்பிங் பையில் கடதாசிகளைச் சுருட்டிக்கொண்டு இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு போகம் முழுக்க நடந்தார். அடுத்த மாதம் வரச் சொன்ன உத்தியோகத்தரிடம் அவர் கேட்டது இதுதான்: “பண்டி நாள் பாத்தா வருகுது, மனே?” பதில் வரவில்லை.

சரி, என்ன செய்யலாம்? கையில் கொடுக்கும் ஒவ்வொரு கடதாசிக்கும் பிரதி எடுத்து, அதில் திகதி முத்திரை குத்தித் தரச் சொல்லுங்கள். குத்த மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பித் துண்டை வைத்துக்கொள்ளுங்கள். அப்படியும் அசையவில்லை என்றால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு கேள்வி போடுங்கள்: “எனது விண்ணப்பம் எந்தத் திகதியில், யாருடைய மேசைக்குப் போனது?” தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும். நான் பார்த்தவரை இந்த ஒரு கடிதத்துக்கு மேசைகள் அசைகின்றன. பதில் சிங்களத்தில் மட்டும் வந்தால் தமிழில் கேளுங்கள். கிழக்கில் தமிழ் நிருவாக மொழி, அது உங்கள் உரிமை.

லைசன் கிடைத்த பிறகுதான் பலர் மாட்டுகிறார்கள். அது டிசம்பர் 31 வரைக்கும்தான். ஜனவரியில் பழைய லைசனோடு வயலில் நின்றால், சட்டத்தின் கண்ணில் லைசன் இல்லாதவர். அதுவோ மாரிப் பயிர் நிற்கும் காலம், ராவெல்லாம் காவல். நவம்பரிலேயே புதுப்பிக்கப் போங்கள்.

துவக்கை மச்சானுக்கு ஒரு ராத்திரி கொடுப்பதும் குற்றம். லைசன் உங்கள் பெயருக்கு, வீட்டுக்கு இல்லை. தகப்பன் இறந்தால் துவக்கோடு சேர்ந்து லைசன் பிள்ளைக்கு வந்துவிடாது. அலுமாரிக்குப் பின்னால் வைத்துவிட்டு “ஆண்டுத் திவசம் முடியட்டும்” என்று இருந்து வழக்கில் மாட்டிய குடும்பம் உண்டு. அதைத் தூக்கிக்கொண்டு நீங்களாகத் தெருவில் போகவும் வேண்டாம். கிராம சேவகருக்குச் சொல்லி, பொலிஸுக்கு அறிவித்து ஒப்படையுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். பிறகு உங்கள் பெயருக்கு விண்ணப்பியுங்கள்.

சட்டம் ஏன் இவ்வளவு இறுக்கம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். முப்பது வருடம் துவக்குகளுக்கு நடுவில் வாழ்ந்த ஊர் இது. எந்த வீட்டில் என்ன துவக்கு, யார் பொறுப்பு என்று எழுத்தில் இருக்கத்தான் வேண்டும், வருடா வருடம் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நேர்மையாகக் கேட்டு வருகிறவனை இரண்டு வருடம் அலைக்கழிக்கச் சட்டம் சொல்லவில்லை. அந்த இரண்டு வருடத்தில்தான் ஊரில் கள்ளமாகச் செய்யும் இடியன் துவக்கும் கட்டுத்துவக்கும் வயலுக்கு வருகின்றன.

கட்டுத்துவக்குக்கு எந்தக் கந்தோரிலும் லைசன் கிடையாது. சொந்தக் காணிக்குள், வேலிக்குள் கட்டினாலும் குற்றம்தான். உங்கள் வயலிலோ பக்கத்திலோ நூல் கட்டியிருப்பதைக் கண்டால் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், அறுக்கும்போதே வெடிக்கலாம். வந்த காலடியிலேயே திரும்பி நடந்து, தூரத்தில் ஆள் போகும் பாதையில் கிளை ஒன்றை முறித்துக் குறுக்கே போட்டுவிட்டு, 119க்கு எடுங்கள்.