தமிழுக்கு 70தான்: எஸ்எம்எஸ்ஸும் ஆர்சிஎஸ்ஸும்

ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலத்தில் 160 எழுத்து எழுதலாம், தமிழில் 70தான். தமிழ் இங்கே சிங்கப்பூரில் ஆட்சிமொழி. ஆனாலும் வீட்டுக்கு அனுப்பும் செய்தியைக்கூட ஆங்கில எழுத்தில் தட்டும் பழக்கம் நம்மில் பலருக்கு இன்னும் விட்டபாடில்லை. அந்தக் காலத்து ஃபோன்கள் பலவற்றில் தமிழ் விசைப்பலகை கிடையாது என்பது ஒரு காரணம். இந்த 70 இன்னொரு காரணம். எஸ்எம்எஸ்ஸின் இடத்தைப் பிடிக்க வந்திருக்கும் ஆர்சிஎஸ் என்ற புதிய செய்தி முறையில் இந்த வரம்பு இல்லை.

எஸ்எம்எஸ் இணையம் வழியாகப் போவதற்காக உருவானதல்ல. "இந்த எண்ணுக்கு அழைப்பு வருகிறது, மணியடி" என்று கோபுரமும் ஃபோனும் பேசிக்கொள்ளும் சமிக்ஞைத் தடத்தில் இடம் சும்மா கிடந்தது. அதில் சின்னச் செய்திகளை ஏற்றி அனுப்பலாமே என்பது 1980களில் பிறந்த யோசனை. ஒரு செய்திக்குக் கிடைத்த இடம் 140 பைட்; கணினியின் மிகச் சிறிய அலகான பிட்டில் சொன்னால் 1,120 பிட். எழுத்துக்கு 7 பிட் என்று நெருக்கி அடுக்கினால் 160 எழுத்து அடங்கும். ஜெர்மானியப் பொறியாளர் ஃப்ரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் 1985இல் வாக்கியம் வாக்கியமாகத் தட்டச்சு செய்து எண்ணிப் பார்த்து, 160 போதும் என்றார். முதல் எஸ்எம்எஸ் 1992 டிசம்பர் 3ஆம் தேதி பிரிட்டனில் போனது.

அந்த 7 பிட் அட்டவணையில் லத்தீன் எழுத்துகளும் சில கிரேக்க எழுத்துகளும்தான் இருந்தன. தமிழுக்கு, உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் குறியீடு தரும் யூனிகோட் வேண்டும். அதில் ஒரு குறியீட்டுக்கு 16 பிட் ஆகிறது. அதனால்தான் 70. ஆங்கிலச் செய்தியின் நடுவே ஒரே ஒரு தமிழ் எழுத்து வந்தாலும் முழுச் செய்தியும் இந்தக் கணக்குக்கு மாறிவிடும்.

அந்த 70உம் நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல. 'தேக்கா சந்தையில் மீன் வாங்கிவிட்டேன்' என்று எழுதினால் கண்ணுக்குத் தெரிவது 17 எழுத்து. யூனிகோடில் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறியீடு. 'தே' என்றால் இரண்டு, 'க்' என்றால் இரண்டு. இடைவெளிகளையும் சேர்த்தால் 36. மீன் வாங்கியதைச் சொல்வதற்குள் பாதிச் செய்தி காலி! 70ஐத் தாண்டினால் செய்தி துண்டாகும். துண்டுகளை மறுபடி ஒட்டுவதற்கான தகவலும் அதே இடத்தில்தான் உட்கார வேண்டும் என்பதால், துண்டுக்கு 67 குறியீடுதான் மிஞ்சும்.

தமிழுக்கென்றே ஒரு 7 பிட் அட்டவணையைச் சர்வதேசத் தரநிலையில் பின்னர் சேர்த்தார்கள். அது பரவியிருந்தால் ஒரு செய்தியில் 155 குறியீடு வரை போயிருக்கும். ஆனால் புழக்கத்தில் அது வேரூன்றவில்லை. கைக்கெட்டிய தீர்வு வாய்க்கெட்டாமல் போனதே என்று எனக்கு இன்னும் வருத்தம்தான்.

சரி, ஆர்சிஎஸ்ஸில் என்ன மாறுகிறது? செய்தி இணையத் தரவாகப் போகிறது. 140 பைட் என்ற கூரை இல்லை. தமிழில் பக்கம் பக்கமாக எழுதலாம். படங்கள் தெளிவாகப் போகும். எதிரில் இருப்பவர் படித்துவிட்டாரா, பதில் தட்டிக்கொண்டிருக்கிறாரா என்பதும் தெரியும். இதெல்லாம் வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே இருக்கிறதே என்பீர்கள். வாட்ஸ்அப்பில் இருவரும் அந்த ஒரே செயலியில் இருக்க வேண்டும். ஆர்சிஎஸ் ஒரு பொதுத் தரநிலை, ஃபோனோடு வரும் செய்திச் செயலியிலேயே வேலை செய்யும். ஃபோன் நிறுவனங்களுக்குப் பொதுவான வடிவம் 2016இல் வந்தது; ஐஃபோன் 2024 செப்டம்பரில்தான் சேர்ந்துகொண்டது.

அனுப்புவதற்கு முன் உங்கள் ஃபோன், அந்த எண்ணில் ஆர்சிஎஸ் உண்டா என்று விசாரிக்கும். இல்லையென்றால் செய்தி எஸ்எம்எஸ்ஸாகப் போகும். பழையது இன்னும் தேவைப்படும் இடம் இதுதான். உட்லண்ட்ஸ் பாலம் தாண்டி மலேசியாவின் ஜோகூருக்குப் போய், ரோமிங் தரவை அணைத்துவைத்திருக்கும்போது ஆர்சிஎஸ் காத்துக் கிடக்கும்; எஸ்எம்எஸ் வந்து சேரும்.

எனக்கு அதிகக் கவலை தருவது அனுப்புநர் பெயர். எஸ்எம்எஸ்ஸில் யாரும் எந்தப் பெயரையும் போட்டு அனுப்ப முடிந்தது. ஃபோனும் அதை உண்மையான வங்கிச் செய்திகளுக்குக் கீழேயே அடுக்கியது. 2021 இறுதியில் அப்படித்தான் இங்கே ஒரு வங்கியின் வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ 800 பேர் 1 கோடியே 37 லட்சம் வெள்ளியை இழந்தார்கள். 2023 ஜனவரி 31 முதல், அனுப்புநர் பெயர்ப் பதிவேட்டில் பதிவு செய்யாத பெயரில் வரும் எஸ்எம்எஸ் 'லைக்லி ஸ்கேம்' (மோசடியாக இருக்கலாம்) என்ற முத்திரையோடு வருகிறது. இந்தப் பதிவேட்டின் காவல் எஸ்எம்எஸ்ஸுக்கு மட்டும்தான். இணையம் வழியாக வரும் செய்தி அந்தக் கதவைத் தொடுவதே இல்லை. அரசு அமைப்புகளின் பெயரைப் போலியாகப் போட முடியாதபடி செய்யுங்கள் என்று ஆப்பிளுக்கும் கூகுளுக்கும் 2025 நவம்பரில் சிங்கப்பூர் உத்தரவிட்டது இதனால்தான்.

இரகசியத்தில் ஆர்சிஎஸ் மேல். எஸ்எம்எஸ்ஸைத் தொலைபேசி நிறுவனத்தின் கணினி படிக்க முடியும். இரு முனைக்கும் இடையில் யாரும் படிக்க முடியாத பூட்டு, ஆர்சிஎஸ் பொதுத் தரநிலையில் 2025 மார்ச்சில் சேர்ந்தது. தரநிலையில் சேர்ந்துவிட்டால் எல்லா ஃபோனுக்கும் வந்துவிட்டதாக அர்த்தமில்லை. வங்கி விவரமோ அடையாள அட்டைப் படமோ அனுப்பும் முன், உரையாடலில் பூட்டுச் சின்னம் தெரிகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அனுப்ப வேண்டாம்.