இதயம் பலவீனமானால் சர்க்கரை எண்ணை எப்படிப் படிப்பது?

சர்க்கரை ஏறினால் கெட்டது, இறங்கினால் நல்லது. பெரும்பாலானவர்கள் மனதில் இருக்கும் கணக்கு இதுதான், பொதுவாகத் தப்பும் இல்லை. ஆனால் இதயச் செயலிழப்பு வந்தவரிடம் இந்தக் கணக்கு அவ்வளவு நேராகப் போவதில்லை.

முதலில் அந்தச் சொல். செயலிழப்பு என்றதும் இதயம் நின்றுவிட்டது என்று பலர் பயந்துவிடுகிறார்கள். இதயம் துடித்துக்கொண்டுதான் இருக்கும்; உடம்புக்குத் தேவையான ரத்தத்தை அதனால் தள்ள முடிவதில்லை, அல்லது தசை விறைத்துப்போய் உள்ளே அழுத்தம் ஏறிய பிறகுதான் தள்ள முடிகிறது. கால் வீங்குவதும் படுத்தால் மூச்சு முட்டுவதும் இதனால்தான்.

சர்க்கரை நோய் இதற்கு வழி வகுக்கும் என்பது பழைய செய்தி. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாம் ஆய்வு 1974-லேயே சொன்னது: சர்க்கரை நோய் உள்ள ஆண்களுக்கு இதயச் செயலிழப்பு வரும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்கு, பெண்களுக்கு சுமார் ஐந்து மடங்கு. மாரடைப்பு வழியாக வருவது ஒரு பக்கம். மாரடைப்பே வராமலும் நடக்கும், ஏனென்றால் ரத்தத்தில் மிதக்கும் கூடுதல் சர்க்கரை இதயத் தசைக்கு நடுவே உள்ள கொலாஜன் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது, வருடக்கணக்கில் அது இறுகி தசையின் நெகிழ்வு போய்விடுகிறது. எரிபொருள் சிக்கலும் உண்டு. ஆரோக்கியமான இதயம் கொழுப்பு, சர்க்கரை இரண்டையும் தேவைக்கேற்ப மாற்றி மாற்றி எரிக்கும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத இதயம் கொழுப்பையே அதிகம் நம்பியிருக்கும். அதே அளவு ஆற்றலுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஆக்சிஜன் கேட்கும்.

எதிர்த்திசையிலும் நடக்கிறது என்பதுதான் பலருக்குத் தெரியாது. பம்ப் பலவீனமானதும் உடம்பு அதை ஆபத்து என்று எடுத்துக்கொண்டு அட்ரினலினையும் கார்டிசாலையும் கொட்டுகிறது. அவை கல்லீரலிடம் 'சர்க்கரையை வெளியே விடு' என்கின்றன, இன்சுலினையும் மந்தமாக்குகின்றன. அதனால் வாழ்நாளில் சர்க்கரை நோயே இல்லாத ஒருவர் மூச்சுத்திணறலோடு மருத்துவமனைக்கு வரும்போது மீட்டர் 160 காட்டலாம். அந்த எண் அவருடைய உடம்பு எவ்வளவு நெருக்கடியில் இருக்கிறது என்பதைத்தான் பெரும்பாலும் சொல்கிறது.

அப்படியானால் வந்த அன்று எடுத்த அளவை வைத்து முன்னே என்ன நடக்கும் என்று சொல்ல முடியுமா? திடீரென முற்றிய இதயச் செயலிழப்போடு வந்த 6,000-க்கும் மேற்பட்டவர்களின் தரவைச் சேர்த்துப் பார்த்த 2013 ஆய்வில், சர்க்கரை அதிகமாக இருந்தவர்கள் அடுத்த 30 நாளில் இறக்கும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. ஆனால் 2009-இல் 50,000-க்கும் மேற்பட்ட முதிய நோயாளிகளை வைத்து அமெரிக்காவில் பார்த்த இன்னொரு ஆய்வில் அப்படிச் சொல்லும்படியான தொடர்பு எதுவும் தெரியவில்லை. என்னைக் கேட்டால், அந்த ஒற்றை எண்ணை எச்சரிக்கை மணியாக எடுத்துக்கொள்ளலாம், ஜாதகமாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

சிவப்பணுக்களில் ஒட்டியிருக்கும் சர்க்கரையை வைத்து மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி இன்னும் சுவாரஸ்யமானது. சர்க்கரை நோயும் இதயச் செயலிழப்பும் சேர்ந்து இருந்த 5,815 முன்னாள் படைவீரர்களை அமெரிக்காவில் பின்தொடர்ந்தபோது, இறப்பு மிகக் குறைவாக இருந்தது 7.1-க்கு மேல் 7.8 வரை இருந்தவர்களிடம். அதற்கு மேலே போனாலும் இறப்பு கூடியது, கீழே போனாலும் கூடியது. உடனே 'அப்போ சர்க்கரை கொஞ்சம் ஏறியிருந்தால்தான் நல்லதா?' என்று கேட்கக் கூடாது. நோய் முற்றி உடல் மெலிந்து, சாப்பாடு இறங்காதவர்களுக்கு எண் தானாகவே இறங்கும். சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலின் ரத்தத்தில் அதிக நேரம் தங்கும், அதனாலும் எண் இறங்கும். ரத்த இழப்பு இருந்தால் சிவப்பணுக்கள் புதிதாக இருப்பதால் எச்பிஏ1சி பொய்யாகக் குறைத்துக் காட்டும். குறைந்த எண் பல நேரம் நோயின் விளைவு.

மருந்தால் வலுக்கட்டாயமாகக் குறைப்பதிலும் ஆபத்து இருக்கிறது. இதய ஆபத்து அதிகம் உள்ள 10,000-க்கும் மேற்பட்ட சர்க்கரை நோயாளிகளை வைத்து நடந்த அக்கார்ட் ஆய்வில், எச்பிஏ1சியை 6-க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில் இறப்பு கூடியதால் 2008-இல் அந்தப் பகுதியையே நிறுத்தினார்கள். ஏன் கூடியது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் சர்க்கரை சட்டென்று விழுந்தால் அட்ரினலின் பொங்கும், ஏற்கெனவே பலவீனமான இதயத்தில் துடிப்பு தாறுமாறாகலாம் என்பது தெரிந்த விஷயம். அப்புறம் இந்த நோயாளிகளில் பலர் இதயத் துடிப்பைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்கள். சர்க்கரை விழுவதை எச்சரிக்கும் கை நடுக்கத்தையும் படபடப்பையும் அது மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் மிஞ்சும்.

எந்த மருந்தால் குறைக்கிறோம் என்பது அதைவிட முக்கியம். பயோகிளிட்டசோன் சர்க்கரையை நன்றாகவே குறைக்கும், கூடவே உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கிவைக்கும், இதயம் பலவீனமானவருக்கு அது வேண்டாத சுமை. சாக்ஸாகிளிப்டின் என்ற இன்னொரு சர்க்கரை மருந்து எடுத்தவர்கள் இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்வது 27% கூடியது என்று 2013-இல் தெரிந்தது. இதற்கு நேர்மாறாக, சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின் அப்படிச் சேர்வதை 35% குறைத்தது என்று 2015-இல் வெளிவந்தது. இதயச் செயலிழப்பு உள்ளவர்களை வைத்து 2019-இல் வந்த, அதே வகை மருந்தான டாபாகிளிஃப்ளோசின் ஆய்வில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோயே கிடையாது, அவர்களுக்கும் அதே பலன். சர்க்கரை மருந்தாக வந்தது, சர்க்கரையைச் சாராமலே இதயத்தைக் காப்பாற்றுகிறது! உப்பும் நீரும் வெளியேறுவதா, இதயத்தின் எரிபொருள் மாறுவதா, சிறுநீரகம் காப்பாற்றப்படுவதா, எது எவ்வளவு என்று இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் இந்த வகை மருந்து எடுப்பவர்களுக்கு ஒரு விஷயம். வாந்தி, பட்டினி, அறுவை சிகிச்சை மாதிரி நேரங்களில் கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் அமிலம் ரத்தத்தில் ஆபத்தான அளவுக்குச் சேர்ந்துவிடக்கூடும், அப்போது மீட்டர் 180 என்று சாதாரணமாகத்தான் காட்டிக்கொண்டிருக்கும். அதனால் அந்த நாட்களில் மாத்திரையைத் தற்காலிகமாக நிறுத்த வேண்டுமா என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.