தலை திரும்பினாலும் ஒலி திரும்பக் கூடாது

மெய்நிகர் அறையில் எதிரே குழாய் ஒன்று சொட்டுகிறது. பார்ப்பவர் தலையை இடப்பக்கம் திருப்பினால், சொட்டும் ஓசை வலது காதுப் பக்கம் போக வேண்டும். தலையோடு ஓசையும் திரும்பிவிட்டால், அது ஹெட்போனிலிருந்து வருகிறது என்பதை மூளை உடனே கண்டுகொள்ளும். அப்புறம் காட்சி எவ்வளவு அழகாக இருந்தாலும் அறைக்குள் நிற்கும் உணர்வு வராது.

பக்கவாட்டிலிருந்து வரும் ஒலி ஒரு காதைவிட மறு காதை அதிகபட்சம் 0.7 மில்லிநொடி அளவுக்குத் தாமதமாக எட்டுகிறது. தலை மறைப்பதால் அங்கே சத்தமும் சற்றுக் குறையும். இடம், வலம் அறிய இவை போதும். ஆனால் நேர் எதிரேயும் நேர் பின்னாலும் உள்ள ஒலிகள் இரு காதுகளுக்கும் ஒரே நேரத்தில் வருகின்றன. அங்கே கைகொடுப்பவை காது மடலின் மடிப்புகள். திசைக்கேற்ப அவை சில அதிர்வெண்களைக் கூட்டியும் குறைத்தும் அனுப்புகின்றன. ஹெச்ஆர்டிஎஃப் என்னும் வடிகட்டி இதையெல்லாம் கணக்கிட்டு ஒலியில் சேர்க்கிறது.

மெய்நிகர் காட்சிகளை உருவாக்கும் யூனிட்டி மென்பொருளில் முதலில் ஒலிக்கோப்பை மோனோவாக்குங்கள், அதாவது ஒரே தடமுள்ள ஒலியாக்குங்கள். இறக்குமதி அமைப்பில் ‘ஃபோர்ஸ் டு மோனோ’ இருக்கிறது. குழாயின் வாயிலேயே ஆடியோ சோர்ஸை (ஒலி புறப்படும் புள்ளி) வைத்து, ‘ஸ்பேஷியல் பிளென்ட்’ மதிப்பை 1 ஆக்குங்கள். அது 0 ஆக இருந்தால் ஒலிக்கு இடமே கிடையாது. 1 ஆக்கினாலும் இட-வல வேறுபாடும் தொலைவும்தான் கிடைக்கும். முன், பின், மேல், கீழ் தெரிய ஸ்டீம் ஆடியோ போன்ற இலவசச் செருகுநிரல் வேண்டும். அதை நிறுவி, புராஜெக்ட் அமைப்புகளின் ஆடியோ பகுதியில் ஸ்பேஷியலைசராக (ஒலிக்குத் திசை தரும் கருவியாக) தேர்ந்தெடுங்கள். பிறகு ஒவ்வொரு சோர்ஸிலும் ‘ஸ்பேஷியலைஸ்’ பெட்டியை டிக் செய்ய வேண்டும்; பலர் விட்டுவிடுவது இதைத்தான்.

மெய்நிகர் தலையணிக்கான கேமராவைச் சேர்த்த பிறகு பழைய கேமராவை அழிக்காமல் விட்டால் காட்சியில் இரண்டு ஆடியோ லிசனர்கள் (காட்சிக்குள் ஒலியைக் கேட்கும் ‘காதுகள்’) இருக்கும். பழையது நின்ற இடத்திலிருந்தே ஒலி கேட்கக்கூடும். லிசனர் ஒன்றே ஒன்று, தலையோடு நகரும் கேமராவில் மட்டும் இருக்கட்டும்.

தொலைவு இன்னொரு சிக்கல். தொலைவுக்கேற்ப ஒலி எப்படிக் குறையும் என்பதை ஆடியோ சோர்ஸில் உள்ள ஒரு வளைவு தீர்மானிக்கிறது. இயல்பான லாகரிதமிக் வளைவில் குறைந்தபட்சத் தொலைவைத் தாண்டியபின், தொலைவு இரட்டிக்கும்போதெல்லாம் ஒலி 6 டெசிபெல் குறையும். அதிகபட்சத் தொலைவின் இயல்பு மதிப்பான 500-ஐ 10 ஆக்கினால் அதற்கப்பால் நிசப்தம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் ஒலி குறைவதுதான் அங்கே நிற்கும். எஞ்சிய ஒலி எவ்வளவு தூரம் போனாலும் கேட்கும். முற்றிலும் அடங்க வேண்டுமானால் லீனியர் வளைவைத் தேர்ந்தெடுங்கள், அல்லது வளைவின் முனையைக் கையால் பூஜ்ஜியத்துக்கு இழுங்கள்.

பொத்தானைத் தொட்டபின் ‘டிக்’ ஓசை பிந்தினால் டிஎஸ்பி இடையகத்தின் (ஒலி மாதிரிகளைச் சேர்த்து வைத்து அனுப்பும் நினைவகப் பகுதி) அளவைப் பாருங்கள். 48,000 ஹெர்ட்ஸில் 1024 மாதிரிகள் என்றால் ஓர் இடையகம் மட்டுமே 21 மில்லிநொடி. 256 என்றால் சுமார் 5. மிகவும் குறைத்தால் ஒலி படபடவென வெட்டுப்படும்.

சோதனையை ஹெட்போனில் செய்யுங்கள். மடிக்கணினி ஸ்பீக்கரில் இட, வல ஒலிகள் இரண்டும் இரு காதுகளிலும் கலந்துவிடும். ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு குழாய் இருக்கும் திசையைக் கைகாட்டச் சொல்லுங்கள். இடம், வலம் சரி, உயரம் மட்டும் தவறுகிறதா? ஒலிக்கோப்பை மாற்றிப் பாருங்கள். காது மடலின் வேலை பெரும்பாலும் உயர் அதிர்வெண்களில்தான் நடக்கிறது. 500 ஹெர்ட்ஸ் ‘பீப்’ ஒலியில் அதற்குப் பிடிமானம் இல்லை. தண்ணீர்த் தெறிப்பு, சாவிக்கொத்துக் குலுக்கல் போன்றவற்றில் நிறையவே உண்டு.