நீலமாகிப்போன இலையும் பழுப்பு என்று எழுதிய நோட்டுகளும்

உயிரியல் ஆசிரியராக ஆய்வகத்தில் நான் செய்த பிழைகளில் எனக்கு மிக அதிகமாகப் பயன்பட்டது, ஒருமுறை செடியை இருட்டறையில் வைக்க மறந்ததுதான். ஒளிச்சேர்க்கைக்கு வெளிச்சம் தேவை என்பதைக் காட்டும் அந்தச் சோதனையைப் பள்ளியில் பெரும்பாலானோர் கடந்து வந்திருப்பார்கள். தொட்டிச் செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்து, இலையில் முன்பே சேர்ந்திருக்கும் ஸ்டார்ச் செலவான பிறகு, ஓர் இலையின் நடுப்பகுதியைக் கறுப்புத் தாளால் மறைத்துச் செடியைச் சில மணி நேரம் வெயிலில் வைக்க வேண்டும். பின்னர் அந்த இலையைக் கொதிநீரில் இட்டு, ஆல்கஹாலில் பச்சையத்தை நீக்கி, அயோடின் கரைசலை விட்டால், வெயில் பட்ட பகுதி கருநீலமாக மாறும். தாள் மறைத்த பகுதி அயோடினின் பழுப்பு நிறத்திலேயே நிற்கும்.

அன்று இலை முழுவதும் கருநீலமாகியது. காலையிலிருந்தே வெயிலில் நின்றிருந்த செடியில் நண்பகலில் அவசரமாகத் தாளைச் செருகியிருந்தேன். பெட்ரி தட்டு மேசை மேசையாகச் சென்றது. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். தாள் இருந்த இடத்தின் விளிம்பைக்கூட யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. மாலையில் ரெக்கார்டு நோட்டுகளைத் திருத்த உட்கார்ந்தபோது, ஒன்று விடாமல் எல்லா நோட்டுகளிலும் 'மறைக்கப்பட்ட பகுதி பழுப்பாக இருந்தது' என்று அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது. ஒரே ஒரு மாணவி மட்டும் முதலில் 'இலை முழுவதும் நீலமாக இருந்தது' என்று எழுதி, பிறகு அதை அடித்துவிட்டு, மற்றவர்கள் எழுதியதையே எழுதியிருந்தார். அடித்த கோட்டுக்குக் கீழே அந்த வரி தெளிவாகத் தெரிந்தது.

இதற்கு மாணவர்களைக் குறை சொல்வது நியாயமாகாது. விடை முன்பே புத்தகத்தில் இருக்கிறது, அந்த விடைக்குத்தான் மதிப்பெண் என்று ஆண்டுக்கணக்கில் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாம்தான். ரெக்கார்டில் 'காண்பன', 'அறிவன' என்று இரண்டு பத்திகள் பிரித்துக் கொடுக்கப்படுவதன் பொருளே இங்கே தொலைந்துபோகிறது. 'கருநீல நிறம் தோன்றியது' என்பது காண்பது; 'இலையில் ஸ்டார்ச் உள்ளது' என்பது அதிலிருந்து அறிவது; 'இந்த இடத்தில் இன்று ஒளிச்சேர்க்கை நடந்தது' என்பது அதற்கும் ஒரு படி அப்பால் நிற்பது, ஏனெனில் அந்த ஸ்டார்ச் முன்பே உருவானதாகவும் இருக்கலாம். என் தவறு அந்த மூன்றாவது படியில்தான் ஒளிந்திருந்தது.

மறுநாள் நடந்ததை ஒப்புக்கொண்டு, இலை ஏன் நீலமானது என்று வகுப்பிடமே கேட்டேன். தாளின் வழியே வெளிச்சம் கசிந்திருக்கலாம் என்றார் ஒருவர். பழைய ஸ்டார்ச் மிஞ்சியிருக்கலாம் என்றார் இன்னொருவர். வெளிச்சமே தேவையில்லையோ என்னவோ என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. வகுப்பு சிரித்தது. ஆனால் சோதித்துப் பார்த்துத் தள்ளிவிட இடம் தருகிற எந்த விளக்கமும் நல்ல கருதுகோள்தான். சிரிப்பு அதை மறுத்துவிடாது. எனவே ஒரே வகைச் செடிகள் இரண்டை எடுத்து, ஒன்றை மட்டும் இரண்டு நாள் இருட்டில் வைத்தோம். பிறகு இரண்டிலும் ஒரே தாளிலிருந்து வெட்டிய துண்டுகளைப் பொருத்தி, ஒரே நேரத்தில் ஒரே வெயிலில் வைத்தோம். தாளைப் பொருத்துவதற்கு முன்பே இரண்டு செடிகளிலிருந்தும் தலா ஓர் இலையைப் பறித்து அயோடின் விட்டுப் பார்த்தோம். இருட்டுக்குப் போகாத செடியின் இலை அப்போதே நீலமாகிவிட்டது. மற்றச் செடியில் மாலையில் தாள் மறைத்த பகுதி பழுப்பாகவே நின்றதால், தாள்மீது சொன்ன புகாரும் கடைசி வரிசையின் சந்தேகமும் ஒருசேர விழுந்தன. முன்கூட்டியே பறித்த அந்த இலைகளைப் போல, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே வைத்துக்கொள்வதைத்தான் கட்டுப்பாடு என்கிறோம்.

1668-இல் இத்தாலிய மருத்துவர் ஃபிரான்செஸ்கோ ரெடி செய்த சோதனையின் அழகும் இதில்தான் இருக்கிறது. அழுகும் இறைச்சியிலிருந்து புழுக்கள் தாமாகவே பிறக்கின்றன என்று நம்பப்பட்ட காலத்தில், அவர் சில குடுவைகளைத் திறந்தும் சிலவற்றை மூடியும் வைத்தார். மூடியவற்றில் புழுக்கள் வரவில்லை. பலரும் அத்துடன் நிறுத்தியிருப்பார்கள். மூடியதால் ஈ மட்டுமா தடுக்கப்பட்டது, காற்றும்தானே தடுக்கப்பட்டது என்ற கேள்வி எழும் என்பதால், காற்று போகவும் ஈ போகாமலும் இருக்கும்படி மெல்லிய வலைத்துணியைக் கட்டி அவர் மீண்டும் பார்த்தார். இறைச்சியில் அப்போதும் புழுக்கள் இல்லை. ஈக்கள் துணியின்மீதே வந்து மொய்த்தன. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது என்று பாடநூல் ஒரே வரியில் சொல்லிப்போவது, அந்த வலைத்துணியைத்தான். இதே ரெடி, மரங்களில் தோன்றும் புடைப்புகளிலிருந்து வெளிவரும் பூச்சிகளை மரமே உருவாக்குகிறது என்று நம்பினார் என்பதையும் மாணவர்களிடம் சொல்வேன்.

அளவெடுப்பதில் கவனமாக இருந்தும் வழி தவறியவர், பதினேழாம் நூற்றாண்டு வேதியியலாளர் ஃபான் ஹெல்மோன்ட். 200 பவுண்டு உலர்ந்த மண்ணில் 5 பவுண்டு எடையுள்ள வில்லோ கன்றை நட்டு, ஐந்து ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றி வளர்த்தார். மரம் ஏறக்குறைய 169 பவுண்டானது. மண்ணில் குறைந்தது சுமார் 2 அவுன்ஸ்தான். மரம் மண்ணைத் தின்று வளர்வதில்லை என்பது அதிலிருந்து உறுதியாகிறது. ஆனால் அவரோ, மரம் முழுவதும் நீரிலிருந்தே உருவானது என்ற முடிவுக்கு வந்தார். 'வாயு' என்ற கருத்துக்கு 'காஸ்' என்ற பெயரைத் தந்தவரும், கரி எரியும்போது வெளிவரும் வாயுவை, அதாவது இன்று நாம் கார்பன் டை ஆக்சைடு என்று அழைப்பதைப் பற்றி எழுதியவரும் அவரே. தம் மரத்தைச் சுற்றியிருந்த காற்றை மட்டும் அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆய்வகத்துக்கு வெளியே இந்தப் பழக்கம் இல்லாததன் விளைவைப் பெற்றோர்கள் அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகளில் நாள்தோறும் பார்க்கிறேன். 'இதைக் குடித்தேன், ஐந்தே நாளில் சளி போய்விட்டது' என்று வரும் செய்தியில் பொய் எதுவும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் சாதாரணச் சளி எதையும் குடிக்காவிட்டாலும் பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் தணிந்துவிடும். குடிக்காதவர்களுக்கு என்ன ஆனது என்று அந்தச் செய்தி சொல்வதில்லை. 1747-இல் கப்பல் மருத்துவர் ஜேம்ஸ் லிண்ட் ஒரு கப்பலில் ஸ்கர்வி என்ற, ஈறுகளில் இரத்தம் கசியும் நோயுற்ற 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராகப் பிரித்து, எல்லோருக்கும் ஒரே உணவு கொடுத்து, ஒவ்வோர் இணைக்கும் வெவ்வேறு மருந்தைச் சேர்த்துக் கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் பெற்ற இருவரும் விரைவாகத் தேறியது, கடல்நீரும் வினிகரும் பெற்றவர்கள் பக்கத்திலேயே தேறாமல் கிடந்ததால்தான் பொருளுள்ளதாயிற்று.

இப்போது ஒவ்வோர் ஆண்டும் ஒரு செடியை வேண்டுமென்றே இருட்டில் வைக்காமல் விட்டு, சொல்லாமல் கொடுத்துவிடுகிறேன். 'காண்பன' பத்தியை ஆய்வகத்தை விட்டு வெளியேறும் முன்பே பேனாவால் எழுதி என்னிடம் கையொப்பம் பெற வேண்டும்; 'அறிவன' பத்தியை வீட்டில் யோசித்து எழுதலாம். அடித்து எழுதியிருந்தால் மதிப்பெண் குறைப்பதில்லை. வெள்ளை மை பூசி மறைத்திருந்தால் குறைத்துவிடுவேன்.