சைட் பிளான்: தளத் திட்டமா, மனையமைப்பா?

பொது அறிவிப்புகளைத் தமிழாக்கும் வேலை என்னுடையது. ஒருமுறை, புதிதாக வரவிருக்கும் ஒரு வணிகக் கட்டடம் பற்றி மக்களிடம் கருத்துக் கேட்கும் அறிவிப்பைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். அதில் 'சைட் பிளான் ரிவியூ' என்பது 'தளத் திட்ட மறுஆய்வு' என்று மாறியிருந்தது. படித்த மூன்று பேரிடம் என்ன புரிந்தது என்று கேட்டேன். எத்தனை மாடி கட்டலாம் என்று முடிவு செய்யப்போகிறார்கள் என்றார் ஒருவர். அரசுத் திட்டம் ஏதோ வருகிறது என்றார் இன்னொருவர். மூன்றாமவர், "அனுமதி முன்னாடியே கொடுத்தாச்சு, இப்போ அப்பீல் நடக்குது போல. இனிமே போய் என்ன பண்றது?" என்று தாளை மடித்து வைத்துவிட்டார்.

மூன்றுமே தவறு. தளம், திட்டம், மறுஆய்வு என்ற மூன்று சொற்களும் ஆளுக்கொரு பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தன. கருத்துச் சொல்ல வரவேண்டிய ஒருவர் ஒரு சொல்லால் வராமல் போகிறார் என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

சரி, பொருளுக்கு வருவோம். சைட் பிளான் என்பது கட்டடத்தின் படம் அல்ல, கட்டடம் உட்காரப்போகும் நிலத்தின் படம். உயரத்திலிருந்து நேர் கீழே பார்ப்பது போல வரைந்திருப்பார்கள். எல்லைக் கோடு, ஒட்டிய சாலை, வண்டி நுழையும் வழி, நிறுத்துமிடம், சரக்கு இறக்கும் இடம், நடைபாதை, வடிகால், மரங்கள், விளக்குக் கம்பங்கள், குப்பை வைக்கும் மூலை எல்லாம் அதில் இருக்கும். கட்டடம் மட்டும் உள்ளே ஒன்றும் இல்லாத ஒரு கட்டமாகத் தெரியும். அறை எத்தனை, படிக்கட்டு எங்கே என்பதெல்லாம் வேறு தாள். அனுமதி கொடுக்கும் முன் இந்தப் படத்தைச் சரிபார்ப்பதுதான் ரிவியூ. அங்கே கடை வரலாமா கூடாதா என்பதும் பெரும்பாலும் அதில் எழும் கேள்வி அல்ல. அந்த நிலத்தில் வணிகம் நடத்தலாம் என்று நில உபயோக விதியே முன்பு சொல்லியிருக்கும். வருவது அந்த நிலத்தில் எப்படி அமைய வேண்டும், அதனால் சுற்றியிருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்பதைத்தான் இங்கே பார்க்கிறார்கள்.

'சைட்' லத்தீன் 'சிட்டுஸ்' என்பதிலிருந்து வந்தது. ஒரு பொருள் அமைந்திருக்கும் நிலை, அது கிடக்கும் இடம் என்று பொருள். 'பிளான்' என்பதற்கு வேர் 'பிளானுஸ்', அதாவது தட்டையானது. தட்டையான பரப்பில் வரைந்த படம் என்பதற்கான பிரெஞ்சுச் சொல்லாக இருந்து, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குள் வந்தது. இன்னதைச் செய்வோம் என்று மனத்தில் வகுத்து வைப்பதையும் 'பிளான்' என்பது அப்புறம் வந்த பொருள். தமிழில் நாம் பிந்திய பொருளைப் பிடித்துக்கொண்டு 'திட்டம்' என்று போட்டுவிட்டோம், படம் கைநழுவிவிட்டது.

இத்தாலிய மொழியில் இந்தப் படத்துக்குப் 'பியாந்தா' என்று பெயர். உள்ளங்காலுக்கும் அதே சொல்தான். கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் இதை 'இக்னோகிராஃபியா' என்றார். அதற்குள்ளிருக்கும் 'இக்னோஸ்' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் காலடித் தடம் என்று பொருள். கட்டடம் மண்ணில் பதிக்கும் காலடியை வரைவது! கட்டடம் மூடும் பரப்பை இன்றும் பொறியாளர்கள் 'ஃபுட்பிரின்ட்' என்கிறார்கள். நம்மிடமும் அடி என்றால் பாதம், அடி என்றால் கீழ்ப்பகுதி; வேலை தொடங்குவது கால்கோள். எனக்கு மிகவும் பிடித்த ஒற்றுமை இது.

தமிழில் இந்த வேலைக்கே ஒரு பழைய சொல் இருக்கிறது. நெடுநல்வாடையில் அரண்மனை கட்டும் இடத்தைக் குறிக்கும் பகுதியைப் பாருங்கள். உச்சிப் பொழுதில், நட்ட இரண்டு கோல்களின் நிழல் எந்தப் பக்கமும் சாயாத நேரம் பார்த்துத் திசையைக் குறிக்கிறார்கள். பிறகு 'நூலறி புலவர் நுண்ணிதின் கயிறிட்டு', நூலறிந்தவர்கள் நுட்பமாகக் கயிறு கட்டி அளந்து, 'மனை வகுத்து' அமைக்கிறார்கள். சுவர் எழும்பும் முன் வெறும் நிலத்தில் நடக்கும் வேலை அது. சைட் பிளான் காகிதத்தில் செய்வதும் அதையேதான். மூலையில் வடக்கைக் காட்டும் அம்புக்குறிகூட அந்தக் கோல் நிழலின் வேலையைத்தான் செய்கிறது.

'மனை' சங்க காலத்தில் வீடு. இன்று பேச்சில் கட்டடம் எழும்பாத நிலம். வீட்டுக்கானதை 'வீட்டுமனை' என்று தனியே சொல்வதால், வெறும் 'மனை' வணிகக் கட்டடத்துக்கும் பொருந்தும். 'தளம்' அப்படியல்ல. தரைத்தளம், முதல் தளம், இணையதளம், படைத்தளம் என்று எங்கெங்கோ போகிறது. 'தள வரைபடம்' என்றால் மாடியின் உள்ளமைப்பு என்றே பலரும் எடுத்துக்கொள்வார்கள். 'அமைவிடப் படம்' என்பதும் சரிவராது. அது ஊருக்குள் அந்த நிலம் எங்கே இருக்கிறது என்று காட்டும் சின்னப் படம்.

'ரிவியூ'வுக்கு 'மறு' தேவையில்லை. சொல்லின் வேரில் மீண்டும் பார்த்தல் என்று இருந்தாலும், இங்கே நடப்பது முதல் ஆய்வு. 'சீராய்வு' நீதிமன்ற மனுவை நினைவூட்டுகிறது. 'ஆய்வு' போதும். 'பரிசீலனை' என்றாலும் தவறில்லை, எல்லாருக்கும் புரியும்.

ஆக, படம் மனையமைப்புப் படம், அதைப் பார்ப்பது மனையமைப்பு ஆய்வு. இந்தச் சொல் நிலத்தைப் பார்க்கச் சொல்கிறது. பார்க்கத் தொடங்கினால் யாரும் எதையாவது கண்டுபிடிக்கலாம். 1:200 அளவில் உள்ள படத்தில் 12 மீட்டர் நீள லாரி 6 செ.மீ., அதன் 2.5 மீட்டர் அகலம் ஒன்றேகால் செ.மீ. அந்த அளவில் ஒரு காகிதத் துண்டை வெட்டிச் சாலையிலிருந்து சரக்கு இறக்கும் இடம்வரை நகர்த்திப் பாருங்கள். திருப்பத்தில் அதன் வால் நடைபாதை மேல் ஏறும். அல்லது பின்னால் வர இடமில்லாமல் சாலையிலேயே நிற்கும். நிஜ லாரியின் பின்சக்கரங்கள் உள்பக்கமாக இன்னும் வெட்டிக்கொண்டு வரும் என்பதால், காகிதத்தில் நெருக்கினால் தரையில் நிச்சயம் நெருக்கும். அப்புறம் மழைநீர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 2,000 சதுர மீட்டருக்குத் தரையை மூடிவிட்டால், 50 மி.மீ. மழையில் சுமார் 1 லட்சம் லிட்டர் எங்காவது போயாக வேண்டும். படத்தில் ஆங்காங்கே எழுதியிருக்கும் தரைமட்ட எண்கள் எந்தப் பக்கம் குறைகின்றனவோ, அந்தப் பக்கம்தான் போகும். அங்கே வடிகால் வரைந்திருக்கிறதா, இல்லை, பக்கத்து மனையின் எல்லைக் கோடு இருக்கிறதா?

அதே அறிவிப்பில் இன்னொரு வரியும் இருந்தது: 'முன் பின்னடைவு 6 மீட்டர்'. 'செட்பேக்' என்பதை அகராதி பார்த்துப் போட்டிருக்கிறார்கள். காரியத்தில் விழும் அடிக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான். ஆனால் இங்கே அது எல்லைக் கோட்டிலிருந்து கட்டடம் தள்ளி நிற்க வேண்டிய தூரம். 'முன்புற இடைவெளி 6 மீட்டர்' என்று திருத்தினேன். தலைப்பை 'மனையமைப்பு ஆய்வு' என்று மாற்றி, கீழே ஒரு வரியும் சேர்த்தேன்: 'இன்னும் அனுமதி வழங்கப்படவில்லை, கருத்துச் சொல்லலாம்.'