ஈறு காட்டும் சர்க்கரைக் கணக்கு

பல் மருத்துவர் ஈறுகளைச் சோதிக்கும்போது, ‘மூன்று, இரண்டு, மூன்று’ என்று உதவியாளரிடம் எண்களைச் சொல்லிக்கொண்டே போவதைச் சிலர் கேட்டிருக்கலாம். நுனி மழுங்கிய, மில்லிமீட்டர் கோடுகள் பொறித்த மெல்லிய கம்பி ஒன்றைப் பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள இடுக்கில் இறக்கி, அது எவ்வளவு ஆழம் போகிறது என்பதை ஒவ்வொரு பல்லைச் சுற்றியும் ஆறு இடங்களில் அவர் அளக்கிறார். அழுத்தம் சுமார் 20 முதல் 25 கிராம்தான் இருக்க வேண்டும். அதே கம்பியைக் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் வைத்து அழுத்தினால் வலிக்கக் கூடாது என்று மாணவர்களுக்குப் பழக்குவார்கள். நலமான ஈறில் இந்த இடுக்கு 1 முதல் 3 மி.மீ. வரை இருக்கும். நான்கு, ஐந்து, ஆறு என்று எண்கள் ஏறி, கம்பியை எடுத்த இடத்தில் இரத்தமும் துளிர்த்தால், ஈறு பல்லை விட்டு விலகிப் பை போல் ஆகிவிட்டது என்று பொருள்.

இந்த இடுக்கு உடலின் பொதுநிலையைக் காட்டுவதற்கு அதன் அமைப்பே காரணம். உடலின் மேற்போர்வையை ஊடுருவி வெளியே நிற்கும் கடினமான உறுப்பு பல் ஒன்றுதான். அப்படி ஊடுருவும் இடத்தை மெல்லிய திசுப் பட்டை ஒன்று மூடியிருக்கிறது. அதற்கு வெளியே பாக்டீரியாக்கள் படலமாகப் படிய, உள்ளேயிருந்து இரத்தத்தின் வெள்ளணுக்கள் இரவும் பகலும் கசிந்து வந்து அவற்றைத் தடுக்கின்றன. ஆகவே இரத்தத்தில் ஏற்படும் கோளாறு, ஓயாத சண்டை நடக்கும் இந்த எல்லையில் சீக்கிரமே தெரிந்துவிடுகிறது.

சர்க்கரை நோய் இதற்குத் தெளிவான உதாரணம். இரத்தத்தில் நீண்ட நாள் மிகுந்திருக்கும் குளுக்கோஸ், புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றின் இயல்பை மாற்றுகிறது. மாறிய புரதங்கள் செல்களைத் தூண்டி அழற்சியைத் தேவைக்கு மேல் வளர்க்கின்றன; நியூட்ரோபில் என்னும் வெள்ளணுக்களோ கிருமியைத் தேடிச் சென்று கொல்லும் வேகத்தை இழக்கின்றன. பல்லை எலும்போடு பிணைக்கும் கொலாஜன் நார்கள் அழிவது கூடி, புதிதாக உருவாவது குறைகிறது. அதனால் அதே அளவு அழுக்கு, சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவரின் வாயில் அதிகச் சேதம் செய்கிறது. கண், சிறுநீரகம், நரம்பு, இரத்தக்குழாய், ஆறாத புண் ஆகியவற்றோடு ஈறுநோயையும் சேர்த்து, அதைச் சர்க்கரை நோயின் ஆறாவது சிக்கல் என்று பல் மருத்துவ ஆய்வாளர் ஹரால்ட் லோ 1993இல் குறிப்பிட்டார்.

அழுக்குக்கும் அழிவுக்கும் பொருந்தாத இந்தக் கணக்கைத்தான் பல் மருத்துவர் கவனிக்கிறார். முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவரின் பற்களில் காரை (படிந்து கல்லாக இறுகிய அழுக்கு) கொஞ்சமாகவே இருந்தும், எக்ஸ்ரேயில் எலும்பு பாதி வேர் வரை கரைந்திருந்தால், அல்லது ஈறில் சீழ்க்கட்டிகள் மாறி மாறி வந்தால், வாய் உலர்ந்து நாக்கில் வெண்பூஞ்சை படிந்திருந்தால், ‘கடைசியாக எப்போது சர்க்கரை பார்த்தீர்கள்?’ என்று கேட்பார். பார்த்ததே இல்லை என்ற பதில் அரிதல்ல. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்றது. தமக்கு அந்நோய் இருப்பதை அறியாதவர்கள் அவர்களில் ஏராளம். பல் ஆடினால் ‘வயதாகிவிட்டது’ என்று சொல்லி விட்டுவிடுவதும், ‘பல்லைச் சுத்தம் செய்தால் ஆட ஆரம்பித்துவிடும்’ என்று பயந்து ஒதுங்குவதும் நம் வீடுகளில் இன்றும் உண்டு. உண்மையில், கரைந்துபோன எலும்புக்குப் பதிலாகப் பல்லை அண்டக் கொடுத்திருந்த காரையை எடுத்ததும், முன்பே இருந்த ஆட்டம் வெளிப்படுகிறது, அவ்வளவுதான்.

ஈறுக்கும் சர்க்கரைக்கும் உள்ள உறவு ஒருவழிப்பட்டதும் அல்ல. பைகளுக்குள் புண்பட்டிருக்கும் திசுவை விரித்துப் பார்த்தால் உள்ளங்கை அளவு இருக்கும் என்று பலர் எழுதுகிறார்கள், அது மிகை. கவனமான மதிப்பீடு ஒன்று அதை 8 முதல் 20 சதுர செ.மீ. என்கிறது. ஆறாத அத்தனை பெரிய புண் கையில் இருந்தால் யாரும் மருத்துவரிடம் ஓடுவார்கள். அங்கிருந்து இரத்தத்தில் கலக்கும் அழற்சிப் பொருள்கள் இன்சுலின் வேலை செய்வதைத் தடுக்கின்றன. ஈறுப் பைகளை ஆழமாகச் சுத்தம் செய்தபின் மூன்று நான்கு மாதங்களில், மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி அளவு சராசரியாக 0.4 சதவீதப் புள்ளி குறைகிறது என்று மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2022இல் வெளியிட்ட தொகுப்பாய்வு காட்டியது. மாத்திரைக்கு மாற்றாகாது என்றாலும், புறக்கணிக்கத்தக்க அளவும் அல்ல. இதய நோய் விஷயத்தில் இதே உறுதியோடு பேச முடியாது: ஈறுநோயும் மாரடைப்பும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவது மெய், ஆனால் ஈறைக் குணப்படுத்தினால் மாரடைப்பு குறையும் என்பது நிறுவப்படவில்லை.

வேறு குறிப்புகளும் வாயில் கிடைக்கும். மேல் முன்பற்களின் உட்புறம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால், எதுக்களித்து வரும் இரைப்பை அமிலத்தையோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுக்கும் பழக்கத்தையோ சந்தேகிக்க வேண்டும். பல்லின் மேலுறையான எனாமல் கரையத் தொடங்கும் அமிலநிலை பிஹெச் 5.5 அளவில் இருக்க, இரைப்பை அமிலமோ 1, 2 என்ற நிலையில் இருக்கிறது; இந்த எண் குறையக் குறைய அமிலம் கடுமையாகும். நாக்கு சொரசொரப்பு இழந்து வெளுத்து, வாயின் ஓரங்களும் வெடித்திருந்தால் இரும்புச்சத்துக் குறைவைப் பார்ப்பார்கள். பாக்கு மெல்லும் வழக்கமுள்ள நம் ஊர்களில் வாய் எவ்வளவு திறக்கிறது என்பதே ஒரு சோதனை. மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் நுழைய வேண்டிய இடத்தில் ஒன்றுகூட நுழையாமல், கன்னத்தின் உட்புறம் வெளிறி நார்நாராக இறுகியிருந்தால், அது பின்னாளில் புற்றாக மாறக்கூடிய நிலை. பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வகைப்படுத்தியது.

நன்றாகப் பல் துலக்குபவருக்கும் ஈறு தடித்துப் பற்களின் மேல் ஏறி வளர்வது உண்டு. அப்போது மருத்துவரின் கேள்வி மாத்திரைச் சீட்டைப் பற்றியதாக இருக்கும், ஏனெனில் இரத்த அழுத்தத்துக்காகப் பலரும் உட்கொள்ளும் அம்லோடிபின், வலிப்புக்கான ஃபெனிடாயின் ஆகியவை சிலருக்கு இந்த விளைவைத் தருகின்றன. மாத்திரையைத் தாமாக நிறுத்துவது ஆபத்து. பல் மருத்துவர் எழுதும் கடிதத்தைப் பார்த்து, மருந்து கொடுத்தவர் வேறு மாத்திரைக்கு மாற்றினால், வளர்ந்த ஈறு பலருக்கும் சில மாதங்களில் வடிந்து பழைய இடத்துக்குத் திரும்புகிறது.